முப்பது பாகம்

சின்னராஜின் முதுகில் பாராசூட் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கியபோது யுவராணியின் கை தயங்கவில்லை. எட்டு மாதம் ஒத்திகை பார்த்த கை அது.

"மெதுவா, தங்கச்சி! மூச்சு முட்டுது" என்று சிரித்தான் சின்னராஜ்.

"முட்டட்டுங்கண்ணா. லூசா இருந்தா ஒடம்புல நிக்காது."

சித்தேரி மலையின் அந்தப் பாறை விளிம்பில் மூன்றே பேர். சாகசக் கம்பெனி முதலாளி சின்னராஜ், அவனிடம் பாராசூட் மடிக்கும் யுவராணி, மலைத்தேன் எடுக்கும் கோவிந்தன். கீழே பள்ளத்து மைதானத்தில் ஷாமியானாவும் ஸ்பீக்கரும் கட்டி இருநூறு பேர் காத்திருந்தார்கள். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். கடைசி வரிசையில், பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்த அவள் அம்மா முனியம்மாள்.

எட்டு மாதத்துக்கு முன் இதே விளிம்பிலிருந்துதான் அவள் தம்பி பூவரசன் சின்னராஜின் கம்பெனிக்காகக் குதித்தான்.

விமானத்திலிருந்து குதிக்கிறவனுக்குத் தப்புப் பண்ண நேரம் உண்டு. ஒரு குடை மக்கர் செய்தால் இன்னொரு குடை. மலை விளிம்பில் குதிக்கிறவனுக்கு ஒரே குடை, மூன்று நான்கு வினாடி, அவ்வளவுதான். 'இருநூற்று நாற்பது அடி. ரெண்டு எண்ணிட்டுத் திற' என்றான் சின்னராஜ். பூவரசன் சொன்னபடியே எண்ணினான். ஒண்ணு... ரெண்டு... குடை பாதி விரிவதற்குள் தரை வந்துவிட்டது.

அவன் பையிலிருந்து காலி பிராந்தி பாட்டில் ஒன்று வெளிவந்தது. குடித்த அடையாளமே இல்லை என்ற டாக்டர் ரிப்போர்ட்டை யாரும் படிக்கவில்லை. கேஸ் 'கவனக்குறைவு' என்று மூடப்பட்டது. அன்றிலிருந்து சந்தைக்குப் போனாலும் முனியம்மாள், 'குடிச்சிட்டுக் குதிச்சவனோட அம்மா'.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கோவிந்தன்தான் விஷயத்தை உடைத்தான்.

"தேன் எடுக்க நான் எறங்கற கயிறு எத்தன பாகம்னு மொதலாளி கேட்டாரும்மா. நாப்பதுன்னேன்." இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். அதுதான் ஒரு பாகம், ஆறடி. "அதுல பத்து பாகம் மரத்தச் சுத்திக் கட்டறதுக்கே போயிரும். பள்ளம் முப்பது பாகந்தான். அதையும் அன்னிக்கே சொன்னேனே!"

நூற்றெண்பது அடி. காணாமல் போன அறுபது அடியைக் கடக்க அரை வினாடி போதும். பூவரசனின் குடை விரியத் தேவைப்பட்டது அந்த அரை வினாடிதான்.

கையை விரித்து அளந்ததெல்லாம் ஒரு அளவா என்று புகார் சொல்லப் போன இடமெல்லாம் சிரித்தார்கள். யுவராணி அழவில்லை. மறுவாரமே சின்னராஜிடம் வேலைக்குத் திரும்பினாள். ஊர் காறித் துப்பியது. துடைத்துக்கொண்டாள். புக்கிங் படுத்துப்போய் அவன் புலம்பியபோது, "நீங்களே குதிச்சுக் காட்டினா ஊர் வாய் மூடிருங்கண்ணா" என்று மெதுவாகக் கொளுத்திப் போட்டாள்.

அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். ஸ்டாடிக் லைன் வேண்டும். பாறையில் கட்டிய கயிறு, குதித்தவுடனே தானாகக் குடையை இழுத்துத் திறந்துவிடும். எண்ண வேண்டியதில்லை.

"கட்டிட்டாப் போச்சுங்கண்ணா" என்றிருந்தாள்.

இப்போது அவன் மார்பிலிருந்த மைக்கை அவளே ஆன் செய்துவிட்டாள். ஸ்பீக்கரில் அவன் மூச்சு இரைந்தது. கீழே விசில் பறந்தது.

"வணக்கம் மக்களே!" என்று கையை உயர்த்தியவன், பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கயிறு இல்லை. முகம் சட்டென்று வெளுத்தது.

மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "லைன் எங்க புள்ள?" என்று கிசுகிசுத்தான்.

அவன் கையைப் பிடித்து விலக்கினாள்.

"லைனுங்களா? எரநூத்தி நாப்பது அடிக்கு லைன் எதுக்குங்கண்ணா?"

ஸ்பீக்கர் அதை மலைக்கும் மைதானத்துக்கும் சேர்த்துச் சொன்னது. விசில் நின்றது.

"காத்து... காத்து ஜாஸ்தியா இருக்கு" என்று இழுத்தான் சின்னராஜ்.

கோவிந்தன் விளிம்பில் கட்டியிருந்த ரிப்பனைக் காட்டினான். செத்த பாம்பாய்த் தொங்கியது.

"பயப்படாதீங்க" என்றாள் யுவராணி. "மடிப்புல ஒரு குத்தமும் இல்லீங்க, என் தம்பி மேல சத்தியமா. ரெண்டு எண்ணிட்டுத் திறங்க. அவனுக்கு நீங்க சொன்ன அதே கணக்கு."

அவன் பின்வாங்கப் பார்த்தான். பைக்கு மேலே, பிடரியடியில் அவள் உள்ளங்கை தடுத்தது. அவன் ஷூ முனைக்கு முன்னால் வெறும் காற்று.

"யுவா... தள்ளிடாத..."

"ஒண்ணு" என்றாள்.

"இரு! இரு! நூத்தி எம்பதுதான்! நூத்தி எம்பது அடிதான்!"

"யாரு சொன்னா?"

"கோவிந்தன் சொன்னான். நோட்டீஸ்ல எரநூத்தி நாப்பதுன்னு அடிச்சாச்சு... கொறஞ்சா எவன் வருவான்னு..."

"பாட்டிலு?"

அவள் கை ஓர் அங்குலம் முன்னே நகர்ந்தது.

"நாந்தான் வெச்சேன்! அவன் குடிக்கல! சொட்டுக்கூடக் குடிக்கல! பையன் சொன்னபடிதான் செஞ்சான்!"

கீழே நாற்காலி ஒன்று சாயும் ஓசை. இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு மலைப்பாதைப் பக்கம் நடந்தார். கடைசி வரிசையில் முனியம்மாள் எழுந்து நின்றாள். இருநூறு தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் குனியவில்லை.

"யுவராணி, போதும்மா" என்றான் கோவிந்தன்.

உள்ளங்கைக்குக் கீழே சின்னராஜின் முதுகு கோழிக்குஞ்சாய் அடித்துக்கொண்டது. ஒரு தள்ளு போதும். அவனிடம் நல்ல குடை இருந்தது. அந்தப் பள்ளத்துக்கு அது போதாது.

"ரெண்டு" என்றாள், அவன் காதுக்கு மட்டும்.

அவன் பாறையிலேயே சரிந்து உட்கார்ந்து, கோவிந்தனின் கால்களைக் கட்டிக்கொண்டான். அவன் உட்கார்ந்த பிறகுதான் நீட்டியிருந்த அவள் கை தாழ்ந்தது. சரியாகச் சொன்னால், அரை வினாடி கழித்து.