ஆறரை டிகிரி

அவளுக்கு வேலை போய் அன்றோடு இருநூற்றுப் பதினெட்டு நாள். அதற்குள் நான்கு இன்டர்வியூ. நான்கிலும் அம்மாவுக்கு ஒவ்வொரு நோய்.

முதல் இடத்தில் முழங்கால் வலி. வெறும் முழங்காலுக்காக ஒருத்தி வேலையை விடுவாளா என்று அவள் அக்காவுக்குத் தோன்றியதால், இரண்டாம் இடத்தில் அது அறுவை சிகிச்சையாக வளர்ந்தது. மூன்றாம் இடத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான்காம் இடத்தில் இருந்த பெரியவர் அவள் சொன்னதை அப்படியே நம்பி, "அம்மாவை நல்லாப் பார்த்துக்கம்மா" என்று கண் கலங்கினார். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அம்மாவோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். ஐந்தாவது இன்டர்வியூ அன்று காலை, மகளின் உடுப்பை இஸ்திரி போட்டபடி கேட்டாள்:

"இன்னிக்கு எனக்கு என்னடி வியாதி? முன்னாடியே சொல்லிட்டா பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ரெண்டு தடவை இருமி வைப்பேன்."

"விளையாடாதேம்மா" என்றாள் அக்கா. "பயோடேட்டாவுல குடும்பக் காரணம்னு போட்டாச்சு. சூப்பர்வைசரோட ஒத்துப்போகலை, அனுப்பிட்டாங்கன்னு சொன்னா எவன் வேலை குடுப்பான்? ஏய் ஊமைக்கோட்டான், காதுல விழுதா? இதுவும் போச்சுன்னா என் வீட்டுக்காரர் சொன்ன துணிக்கடையில பில்லு போடத்தான் போகணும்."

அவள் தலையாட்டினாள். ஊரில் அவள் படிப்புக்கு மிச்சமிருந்தது இந்த ஓர் இடம்தான். சூப்பர்வைசரோடு ஒத்துப்போகவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தது பொய்யல்ல. உண்மையின் தோல் மட்டும். தோலுக்குள் இருந்ததை இந்த இருநூற்றுப் பதினெட்டு நாளில் அவள் ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஐந்தாவது இன்டர்வியூ ஒரு மருந்துக் கிடங்கில். முதலில் செய்முறைத் தேர்வு என்றார்கள். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க ஒருவர் அவளைக் குளிர்பதன அறைக்கு அழைத்துப் போனார். வரிசையாக ஆறு ஃப்ரிட்ஜ்கள். ஒவ்வொரு கதவிலும் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. மணிக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் வெப்பநிலையைப் பார்த்துக் கட்டத்தில் எழுத வேண்டும். இரண்டுக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே போகக் கூடாது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. முதல் ஐந்து தாள்களிலும் மாலை ஆறு மணி வரை எழுதியாகிவிட்டது. நாலு, நாலு, நாலு. ஒரே மை, ஒரே சாய்வு. யாருடைய கையெழுத்து என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தைத் தெரியும். பார்த்து எழுதுகிற கை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும்.

"கடைசி ஃப்ரிட்ஜுல பதினொரு மணிக் கட்டத்தை உனக்காக விட்டு வெச்சிருக்கேன். எழுதும்மா" என்றார் சாவிக்கொத்துக்காரர்.

அவள் கதவைத் திறந்தாள். கதவைத் திறந்ததும் அளவு ஏறிவிடாதபடி, சின்னக் குப்பியில் கிளிசரினுக்குள் தெர்மாமீட்டர் நின்றது. கண்ணை அதன் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். கதவை மூடினாள். வரிசையாக வந்த நாலுகளுக்குக் கீழே 6.5 என்று எழுதினாள்.

"என்னம்மா இது, பல்லு வரிசையில ஒண்ணு மட்டும் தூக்கிட்டு நிக்கிற மாதிரி?"

"தெர்மாமீட்டர் ஆறரைங்குது சார்."

"எட்டுக்குள்ளதானே இருக்கு? அப்புறம் நாலுன்னா என்ன, ஆறரைன்னா என்ன? மாத்திரு. தாள் பார்க்க அழகா இருக்கணும்."

பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. பேனாவை விட்டாள், அது நூலில் ஆடிக் கதவில் தட்டியது.

"மாத்த மாட்டேன் சார்."

தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தாளை உருவி எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மேனேஜர் ஒரு கையில் தாளையும் மறுகையில் பயோடேட்டாவையும் பிடித்துக்கொண்டு படித்தார். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. சாவிக்கொத்துக்காரர் கதவோரம் நின்று சாவிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே முரண்டா?" என்றார் மேனேஜர். பிறகு பயோடேட்டாவைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பழைய இடத்தைக் குடும்பக் காரணத்தால விட்டீங்களா? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? அம்மாவுக்கா?"

பொய்க்கான கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தலையாட்டினால் போதும். எத்தனையோ முறை ஆட்டிய தலைதான்.

"அம்மா நல்லா இருக்காங்க சார். நாலு தடவை அவங்களைப் படுக்கையில தள்ளிட்டேன். இனிமே முடியாது."

சாவிச் சத்தம் நின்றது.

"நானா விடலை, அனுப்பிட்டாங்க. பார்க்காம எழுதினதுக்காக இல்லை. அதை எல்லாரும்தான் செஞ்சோம். நான் சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொன்னதுக்காக."

"என்னத்தைச் சொன்னீங்க?"

இரண்டு கைகளையும் எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். ஆறரை எழுதிய தாள் விரல் நுனிக்கு அருகில் கிடந்தது. அதைப் பார்க்கவில்லை; அவர் முகத்தையே பார்த்தாள்.

"குழந்தைங்களுக்குப் போடுற தடுப்பூசி வெச்சிருந்த ஃப்ரிட்ஜ் சார். மூணு நாள் கதவைத் திறக்காமலே நாலு, நாலுன்னு எழுதினேன். நாலாவது நாள் திறந்தேன். உள்ளே லைட்டு எரியலை. கையை விட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு."