ஈடு மீட்டவள்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது.

தலைமாட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிய தனஞ்சயனின் முதுகு சுவரோடு ஒட்டிவிட்டது. கால்மாட்டைப் பிடித்திருந்த மலர்ச்சாலை ஆட்கள் இருவரும் இரண்டு படி கீழே நின்று மூச்சு வாங்கினார்கள். நடுவில் தோள் கொடுத்திருந்தவர் எதிர்வீட்டு ஜவாத். பெட்டிக்குள் தனஞ்சயனின் மனைவி நேசமலர் இருந்தாள். இன்னும் இரண்டு மாடி ஏறினால் அவளுடைய வீடு.

"நிமித்தி வச்சா லிப்டுல போயிருமாம், இவங்க இன்னும் அதத்தான் சொல்றாங்க அண்ணன்," என்றார் ஜவாத்.

"அவவை அலுமாரி மாதிரி நிமித்தேலாது, ஜவாத். படியாலைதான்."

திரும்ப இடமில்லாமல், பெட்டியின் விளிம்பு கைப்பிடிக் கம்பியில் உராய்ந்தது. திருப்பத்தில் ஒரு பக்கம் சுவர். அந்தப் பக்கம் ஒரு பூட்டிய கதவு. கதவுக்கு முன்னால், வெள்ளைச் சேட்டும் சாரமுமாக, சிவபாதசுந்தரம் ஐயா நின்றார். வேலையிலிருந்து இளைப்பாறிய எஞ்சினியர். இந்தத் தொடர்மாடிக் கமிட்டியின் தலைவர்.

"நான் நேற்றே சொன்னனான் எல்லே தம்பி. பிரேதத்தை மலர்ச்சாலையிலையே வைச்சா எல்லாருக்கும் வசதி. கமிட்டி தீர்மானம் எண்டு ஒண்டு இருக்குது. இஞ்சை சின்னப் பிள்ளையள் இருக்கினம். லிப்ட் பழுதாப் போனா ஆர் பொறுப்பு?"

"லிப்டைத் தொடேல்லை ஐயா."

"அது சரி, ஆனா..."

"உங்கடை கதவைத் திறந்தா, கால்மாட்டை உள்ளுக்கை விட்டுத் திருப்பலாம்."

செத்த வீட்டுப் பெட்டியின் கால்மாடு இன்னொருவர் வாசற்படி தாண்டுவது. யாரும் கேட்கத் துணியாத காரியம். அதை நானா கேட்டேன் என்று தனஞ்சயனுக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. ஒன்பது வருடமாக இந்தக் கட்டடத்தில் அவர் கதைத்ததெல்லாம் "ஓம் ஐயா" என்ற இரண்டு சொல்தான். மிச்சத்தையெல்லாம் நேசமலர் கதைத்தாள்.

"கை விறைக்குது ஐயா. திறக்கப் போறியளோ, இல்லை நான் இந்தப் படியிலையே இவவை வைச்சு எல்லாரையும் இஞ்சை வந்து பாக்கச் சொல்லட்டோ?"

ஐயா பதில் சொல்ல முன்னமே உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஐயாவின் மனைவி கதவை அகலத் திறந்தார். குனிந்து, வாசலில் இருந்த செருப்புத் தட்டை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கினார்.

"ஹிமீட, ஹிமீட," என்று சிங்களத்தில் ஒருவரையொருவர் நிதானப்படுத்திக்கொண்டு மலர்ச்சாலை ஆட்கள் அந்த வீட்டுக்குள் இரண்டு அடி பின்னால் போனார்கள். பெட்டி திரும்பியது.

ஐந்தாம் மாடி வீட்டைத் தனஞ்சயனும் நேசமலரும் வாங்கும்போது வங்கிக்கு ஈடு வைத்துத்தான் வாங்கினார்கள். இருபது வருடக் கடன். நேசமலர் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தாள். தனஞ்சயன் வெள்ளவத்தையிலேயே ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். இரண்டு சம்பளத்தில் ஒன்று வங்கிக்கு, மற்றது வயிற்றுக்கு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் கியூவில் நின்ற அந்த வருடம் வந்தது. வட்டி ஏறி, மாதக் கட்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போவோம் என்றார் தனஞ்சயன். எட்டாம் இலக்க வீட்டுக்காரர் அப்படித்தான் செய்தார்கள். விற்றுவிட்டுக் கனடாவுக்கே போனார்கள். போகும்போது தங்களுடைய நாயை லிப்டடியில் கட்டிவிட்டுப் போனார்கள்.

நேசமலர் இரண்டு காரியம் செய்தாள். நாயை அவிழ்த்து மேலே கொண்டுவந்தாள். மொட்டை மாடியில் குட்டியாகக் கிடந்து ஏற்கெனவே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட இரண்டு பூனைகளோடு அது மூன்றாவது உருப்படி. சூட்டி என்று பெயர் வைத்தாள். அடுத்த கிழமை அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டு, செட்டியார் தெரு நகைக்கடைக்குப் போய், தன் தாலிக்கொடியை விற்றாள்.

"கடன் ரூபாயிலை நிக்குது. கொடி பொன்னிலை நிக்குது," என்று அன்று பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "ரூபாய் விழுந்து கிடக்குது, பொன் ஏறி நிக்குது. இப்ப விக்காம எப்பவப்பா விக்கிறது?" கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில் தொங்கியது. தனஞ்சயன் அதைப் பார்க்காமல் தேங்காய் துருவினார்.

பன்னிரண்டு பவுண் கொடி. வங்கியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை, "ஒழுங்காத்தானே கட்டிறீங்க மேடம், ஏன் அவசரம்? முன்கூட்டிக் கட்டினா அதுக்கும் ஒரு சார்ஜ் இருக்குது," என்றான்.

"அந்தச் சார்ஜையும் சேர்த்துத்தான் கணக்குப் பாத்தனான் தம்பி. எழுதுங்கோ."

கொடிக் காசில் கடன் பாதிக்கு மேல் கரைந்தது. மிச்சத்தை அவள் வீட்டுச் செலவிலிருந்து பிடுங்கினாள். ஏசி வாங்குவதில்லை. கொழும்பில் ஒரு கலியாணத்துக்கும் புதுச் சேலை இல்லை. மகள் மிதுனா வான் வண்டியை விட்டு பஸ்ஸில் வகுப்புக்குப் போனாள். சனிக்கிழமை தவிர வீட்டில் இறைச்சி இல்லை. ஆனால் சூட்டிக்கும் பூனைகளுக்கும் மட்டும் நாள் தவறாமல் மீன் அவிந்தது.

"எனக்குச் சோயா, நாய்க்கு மீனோ?" என்று மிதுனா ஒருநாள் கத்தினாள்.

"ஓம். உனக்குக் கத்தத் தெரியும்," என்றாள் தாய்.

நாயைப் பற்றிக் கமிட்டி கடிதம் அனுப்பியபோது அவளே மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனாள். "ஈடு பிடிச்ச வங்கிக்காரனே என்னைக் கேக்கேல்லை ஐயா, வீட்டிலை நாய் நிக்குதோ எண்டு. நீங்கள் ஏன் கேக்கிறியள்?" அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. லிப்டில் அறிவித்தல் ஒன்று மட்டும் ஒட்டப்பட்டது.

போன வருடம், கடைசிக் கட்டும் கட்டி, வீட்டு உறுதிப் பத்திரம் கைக்கு வந்தது. இருபது வருடக் கடன் எட்டில் முடிந்தது. அந்த மாதம் முதல்முதலாக மிச்சமான காசில் நேசமலர் நகை வாங்கவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. சூட்டிக்கு இரண்டு கடைவாய்ப் பல் பழுதாகி நின்றது, அதைப் பிடுங்குவித்தாள்.

முந்தாநாள் காலை அதே நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்குது," என்று ஈரக் கையோடு வந்து கதிரையில் இருந்தாள். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஐம்பத்து நான்கு வயது.

பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். மிதுனா மலர்ச்சாலையிலேயே தாய்க்குக் கலியாணக் கூறைச் சேலை உடுத்திவிட்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. சனம் வரத் தொடங்கியது. ஜவாத்தின் மனைவி ஸமீமா எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தன் வீட்டிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். குளியலறையில் அடைத்திருந்த சூட்டி கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

தனஞ்சயனின் அக்கா தவராணி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, தம்பியை அடுப்படிப் பக்கம், குசினி வாசலுக்குக் கூப்பிட்டார். கையில் முடிந்த கைலேஞ்சித் துணி ஒன்று.

"இதைக் கொண்டுபோய் மலரின்ரை கழுத்திலை போடு. என்ரை மருமகளின்ரை கொடி. சுடலைக்குக் கொண்டுபோக முன்னம் கழட்டி எடுப்பம்."

"வேண்டாம் அக்கா."

"விசர்க்கதை கதையாதை. சுமங்கலியாப் போறவள். மஞ்சள் கயித்தோடை கிடக்கிறாள். வந்த சனமெல்லாம் அதைத்தான் பாக்குது. கொடி எங்கை, கொடி எங்கை எண்டு என்னை ரெண்டு பேர் கேட்டிட்டினம். நான் என்ன சொல்லுறது?"

மூன்று வருடமாக இந்தக் கேள்விக்குத் தனஞ்சயனிடம் ஒரு பதில் இருந்தது. லொக்கரிலை கிடக்குது என்பார். நேசமலர் பக்கத்தில் நின்றால், "இல்லை, வித்துப்போட்டன்," என்று உடனே திருத்துவாள். அவர் முகம் சுருங்கும். இன்று திருத்த ஆள் இல்லை.

"கேட்டவை ஆர்?" என்றார். குரல் கூடம் வரைக்கும் போனது. "கூப்பிடுங்கோ அவையை. கொடி இஞ்சைதான் கிடக்குது எண்டு சொல்லுங்கோ."

"மெல்லக் கதை!"

"நீங்கள் அதுக்கு மேலைதான் நிக்கிறியள் அக்கா."

தவராணி தன்னையறியாமல் காலடியைப் பார்த்தார். வெள்ளை டைல்ஸ். ஒரு மூலையில் வெடிப்பு.

"இந்த நிலம், இந்தச் சுவர், இந்தக் குசினி. ஈடு மீட்டது அவவின்ரை கொடி. நான் இல்லை. இரவல் கொடியோடை அவவை அனுப்ப மாட்டன். கயித்தோடை இருந்தவ, கயித்தோடை போகட்டும்."

மிதுனா எழும்பி வந்து அத்தையின் கையிலிருந்த கைலேஞ்சியை வாங்கினாள். பிரித்துப் பார்க்கவில்லை. முடிச்சை இன்னும் இறுக்கி, அத்தையின் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து, சிப்பை இழுத்து மூடினாள். பிறகு போய்க் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

நாய் வந்தது. இரண்டொரு பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள். அது பெட்டி வைத்த வாங்குப் பலகையை ஒருதரம் முகர்ந்தது. பிறகு போய் மின்விசிறிக்கு நேரே கீழே வழக்கமான இடத்தில் படுத்துவிட்டது. யாரும் அதைத் துரத்தவில்லை.

பின்னேரம் கல்கிசை மயானத்துக்குக் கொண்டுபோக மறுபடி படியாலேயே இறக்கினார்கள். மூன்றாம் மாடிக்கு வந்து சேர முன்னமே அந்தக் கதவு திறந்திருந்தது.

அடுத்தநாள் காலை தவராணி குசினியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, தனஞ்சயன் அடுப்படியில் ஒரு பழைய சட்டியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு?"

"மீன் அவிக்க. அதுகள் நேற்று முழுக்கச் சோறு மட்டும்தான் திண்டதுகள். பூனை ரெண்டும் அதையும் தொடேல்லை."

"முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியுமட்டும் இந்த வீட்டிலை மீன் மணக்கக் கூடாது. செத்தவீட்டுத் துடக்கு எல்லே!"

"எங்களுக்குத்தான் துடக்கு அக்கா. நாங்கள் சாப்பிடேல்லை. நாய்க்கும் பூனைக்கும் என்ன துடக்கு?"

தவராணி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். அங்கே எரிந்த விளக்குக்கு எண்ணெய் விட்டார். திரும்பி வரவில்லை.

கீழே, கட்டடத்துக்கு முன் ஒழுங்கையில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. தனஞ்சயன் சூட்டியின் கழுத்தில் வாரைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்தார். லிப்டை அழைத்தார். நாய்களை ஏற்றக்கூடாது என்ற அறிவித்தலுக்கு நேர் கீழே சூட்டி இருந்து, ஐந்து மாடியும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாசலில் சிவபாதசுந்தரம் ஐயா பிளாஸ்டிக் கதிரையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நாயைப் பார்த்தார். தனஞ்சயனைப் பார்த்தார். பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மீன்காரர் பெட்டி மூடியைத் திறந்து வைத்திருந்தார். "அக்கா வரல்லியா அய்யே இன்னைக்கி?"

தனஞ்சயன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஐஸ் தூளுக்கு நடுவில் சாளை வெள்ளி வெள்ளியாகக் கிடந்தது.

"சாளை என்ன விலை?"

"கிலோ அறுநூறு."

தனஞ்சயன் தன் வாழ்நாளில் விலை பேசியதில்லை. சொன்ன காசைக் கொடுத்து, மிச்சத்தை எண்ணாமல் பொக்கற்றில் போடுகிறவர். ஆனால் ஐந்தாம் மாடிப் பல்கனியில் நின்று, இந்த ஒழுங்கையில் நேசமலர் விலை பேசிவிட்டுத் திரும்பி நடப்பதை எத்தனையோ காலை மேலிருந்து பார்த்திருக்கிறார்.

"நானூறு," என்றார்.

"ஐயோ அய்யே! கட்டாது."

"நாய்க்கும் பூனைக்கும்."

"நாய் தின்டாலும் மீன் அதே மீன்தானே."

தனஞ்சயன் நிமிர்ந்தார். வாரை ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, திரும்பி நடக்கத் தொடங்கினார். சூட்டி பின்னால் பின்னால் பார்த்து இழுத்தது.

"சரி, ஐநூறு! வாங்க, வாங்க!"

அவர் திரும்பவில்லை. இன்னும் இரண்டு அடி நடந்தார்.