கொடியில் தொங்கும் வாக்கியம்

1

இந்தக் கதை அக்கா வாயிலிருந்து பிடுங்கியது. அவள் போனில் சொன்னதை, வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடி, பக்கத்தில் இருப்பவர் முறைக்காத அளவுக்கு முணுமுணுத்து, போனையே எழுத வைக்கிறேன். குடும்பக் குழுவில் போடத்தான். "பிள்ளைய வீட்ல வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கிறா?" என்று கேட்டவர்கள் முதலில் படிக்கட்டும்.

ஆரம்பம்: 'தையல் மிஷின் முன் அமர்ந்து, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்த அக்கா...'

வேண்டாம். அக்காவுக்கு ஏது வானம் பார்க்க நேரம்?

2

மறுபடியும். அக்கா வீட்டிலேயே துணி தைப்பவள். அத்தான் பாலம் கட்டுமிடங்களில் வெல்டர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர்; ஆளுக்கொரு பெட்டியோடு மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் ஆறு வயது மகள் வாலுவுக்கு வீட்டிலேயே பாடம். (வாலு, பட்டப்பெயர். அவளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டவர்கள் காரணம் கேட்பதில்லை.)

புத்தகத்தைக் கண்டாலே மிஷினுக்கடியில் ஒளிந்துகொள்வாள். அக்கா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். கடைசியில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு சொல். கூடத்தின் குறுக்கே ஒரு கொடி கட்டி, துண்டுகளைக் கிளிப் போட்டு வரிசையாக மாட்டினாள். ஒரு வாக்கியம் தொங்கியது. வீட்டுச் சட்டம் ஒன்றே ஒன்று: படித்தவர் அதைச் செய்தாக வேண்டும்.

'தலையணைக்கு முத்தம் கொடு.'

வாலு மிஷினுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஓடிப்போய்க் கொடுத்தாள். கொஞ்ச நாளில் அவளே துண்டுகளை மாற்றிப்போட்டு மாட்ட ஆரம்பித்தாள். தைத்த சட்டையை வாங்க வந்த வங்கி மேனேஜரம்மா 'வாத்து மாதிரி நட' என்பதைப் படித்துத் தொலைத்துவிட்டார். சட்டம் சட்டம்தான். கைப்பையோடு கதவுவரை வாத்தாகப் போனார். போகும்போது, "நாளைக்கு என்ன போடுவே?" என்று கேட்டாராம்.

(இந்த இடத்தில் அக்கா சிரித்த சிரிப்பை எந்தப் போனுக்கும் எழுத வராது.)

3

இனி அத்தான் வர வேண்டும். ஒரு வில்லன் இருந்தால் கதைக்கு நல்லது என்று, 'கல்நெஞ்சக்காரரான அத்தான் கதவை எட்டி உதைத்து' என்று, அக்கா போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஆரம்பத்தைச் சொல்லிக் காட்டினேன்.

"டேய், தோலை உரிச்சிடுவேன். கண்ணெல்லாம் எரிஞ்சு சிவந்து வீட்டுக்கு வர்ற மனுஷன்டா அவரு. அவருக்குப் பயம். தன்னோட அலைஞ்சு அலைஞ்சு பிள்ளை படிக்காமப் போயிடுமோன்னு. அத எழுது."

எழுதுகிறேன். அடுத்த பாலத்துக்கு அழைப்பு வந்த அன்று அத்தான் சொன்னார்:

"இந்த ஊர்லயே நீங்க ரெண்டு பேரும் இருந்துடுங்க. பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடு. நான் மட்டும் போறேன்."

"அவதான் நல்லா படிக்கிறாளே."

"கொடியில தொங்குறது விளையாட்டு. நீ கண்ணால காட்டுறே, அவ குதிக்கிறா. புத்தகத்தக் குடு. ஒரு பக்கம் வாசிக்கட்டும். வாசிச்சா மூணு பேருமே போவோம்."

4

அத்தான் பக்கத்தைத் திறந்து வைத்தார். 'மரம் நிழல் தரும். ஆறு கடலுக்குப் போகும்.'

வாலு பார்த்தாள். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தடவினாள். வாய் திறக்கவில்லை. அக்காவுக்குக் கையில் இருந்த ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. கடைசியில் வாலு தலையைத் தூக்கினாள்.

"இதுல நான் என்ன பண்ணணும்ப்பா?"

"வாசிக்கணும்மா."

"வாசிச்சிட்டேனே. என்ன பண்ணணும்?"

அத்தான் புத்தகத்தை மெதுவாக மூடினார். திட்டவில்லை. (திட்டியிருந்தால் எனக்கு எழுதச் சுலபம்.) உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்து ஒரே ஒரு பெட்டியை இழுத்துத் தன் சட்டைகளை அடுக்கினார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் சொன்னாள்: "வாய்விட்டு வாசின்னு ஒரு நாளும் நான் அவகிட்டச் சொன்னதே இல்லடா. படிச்சா செய்யணும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துல செய்ய ஒண்ணுமே இல்ல!"

மரமும் ஆறும் அவளை எந்த வேலையும் ஏவவில்லை. பாவம், காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

5

அக்கா விளக்கிச் சொல்ல அறைக்குள் போவதற்குள் வாலு முந்திக்கொண்டாள். துணிக்கூடையைத் தரையில் கவிழ்த்தாள். தேடினாள். கிடைக்காத ஒரு சொல்லுக்கு, வேறு யாருடைய பாவாடைக்கோ வெட்டி வைத்திருந்த இடுப்புப் பட்டியில் தானே கோணல்மாணலாக எழுதினாள். (அக்கா தடுக்கவில்லை. பட்டியை வேறு வெட்டிக்கொள்ளலாம்.) நாற்காலியில் ஏறி மாட்டினாள். இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

'அப்பா மூன்று பெட்டி கட்டு.'

யாரும் கண்ணால் காட்டவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குடும்பக் குழுவில் உள்ள பெரியவர்களே, அந்த நான்கு சொற்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னத்தக் கிழித்தாள் என்று கேட்டீர்களே, துணியைத்தான் கிழித்தாள். இதற்குத்தான்.

6

முடிவு.

முதல் வகை: அத்தான் வாலுவைத் தூக்கிச் சுற்றுகிறார், எல்லோரும் அழுகிறார்கள். ரொம்பச் சினிமா.

இரண்டாவது வகை: "இது விளையாட்டும்மா" என்று அத்தான் திரும்பிப் போக...

இல்லை, இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது என்ன? அக்கா இவ்வளவுதான் சொன்னாள்: "அவரு கொடியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. உதடு மட்டும் அசைஞ்சுது. அப்புறம்..." அதற்குள் அழைப்புமணி அடித்தது. "மேனேஜரம்மா வந்துட்டாங்கடா, அப்புறம் பேசுறேன்." போன் கட்.

மறுபடி கூப்பிட்டுக் கேட்கலாம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இறங்க வேண்டிய நிலையமும் வந்துவிட்டது. அதனால் உங்களிடம் விடுகிறேன். நீங்களும் கொடியில் இருந்ததைப் படித்துவிட்டீர்கள் அல்லவா? வீட்டுச் சட்டம் உங்களுக்கும்தான். இன்னும் இரண்டு பெட்டிகள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. குனிந்து இழுங்கள். சின்னது வாலுவுடையது, அதன் ஜிப் லேசாகச் சிக்கும்.