நடுவர் பார்க்க வந்த வேலை

யோகராணிக்கு நடுவர் வருவதும் விருந்தாளி வருவதும் ஒன்றுதான். அதில்தான் வந்தது வினை.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. எழுபத்தேழாம் வருஷம் அது. விலைவாசி ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, அரசாங்க ஊழியர்களின் சம்பளத்தைக் கட்டிப் போட்டிருந்தார்கள். விலைவாசியைப் பார்த்து எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் உயர்வு மட்டும்தான். அதற்கு மேல் கேட்கக் கூடாது. திறந்திருந்தது ஒரே ஒரு கதவு. 'எங்கள் வேலையே மாறிவிட்டது. திறமையும் பொறுப்பும் கூடிவிட்டன' என்று நிரூபித்தால் ஒரு படி மேலே ஏற்றுவார்கள். வாயால் சொன்னால் போதாது. சம்பள வழக்கை விசாரிக்கும் நடுவரே வேலை நடக்கும் இடத்துக்கு வந்து கண்ணால் பார்ப்பார்.

வழக்கை முன்னின்று நடத்தியவர் சடகோபன். மெட்ராஸ்காரர், ரத்த வங்கிப் பிரிவில் வேலை, ஆஸ்பத்திரி யூனியனின் பிரதிநிதி. முதல் நாள் மாலை யோகராணியின் மேசைக்கு வந்தார்.

"மேடம், நாளைக்கு நீங்கதான் ஹீரோயின். புது மெஷினை ஓட்டிக் காட்டுங்க. அதை வச்சுத்தான் கேஸே நிக்குது."

"ஓம், ஓம். ஒரு குறையும் வராது, பாருங்கோ" என்றாள் யோகராணி.

குறை வந்தால் முதல் அடி அவள் வீட்டில்தான் விழும். கணவன் மகேந்திரராஜா இலங்கையில் எஞ்சினியராக இருந்தவன். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டதால் மறுபடி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான். கடைசி வருஷம். வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலை அவனைப் பகல் வேலைக்குக் கூப்பிட்டிருந்தது.

"உம்மட நடுவர் இல்லையெண்டு சொன்னால் நான் ஃபாக்டரிக்குப் போறன்" என்றான் அவன், அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே.

"படிப்பை நிப்பாட்டுற கதையை என்னட்டைக் கதைக்க வேண்டாம்."

"கதைக்காமல் விட்டால் வீட்டு வாடகை நிண்டிடுமோ?"

மறுநாள் அவள் விடியுமுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

யோகராணி வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். போய்ச் சேரும்போது சமையல் முடிந்திருக்கும், குசினியில் அடுப்பு வரை கழுவித் துடைத்திருக்கும், அவள் புதுச்சேலையில் வாசலில் நிற்பாள். சமைத்த வீடு என்றே தெரியாது. ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் அந்தப் புது மெஷினுக்கும் அதையே செய்தாள். தேய்ந்த ரப்பர் குழாய்களை மாற்றினாள். மருந்துக் கரைசல் சரியில்லை என்று சந்தேகப்பட்டு, கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள். சர்க்கரை அளவு முன்பே தெரிந்த மாதிரிகளை ஓட விட்டு, மெஷினின் பேனா காகிதத்தில் ஆடாமல் கோடு போடும்வரை திருகித் திருகி நேர் செய்தாள். அவசரமாகப் பார்க்க வேண்டிய ரத்தங்களையும் முடித்தாள். பிறகு மேசையைத் துடைத்து, வெள்ளைக் கோட்டை மாற்றிக்கொண்டு நின்றாள்.

நடுவர் ஹார்டிங் உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். கூடவே அரசாங்கத் தரப்பு வக்கீல். மெஷின் கிண்ணம் கிண்ணமாக ரத்தநீரை உறிஞ்ச, பேனா அழகாக மலை மலையாக வரைந்துகொண்டிருந்தது.

"இதில் உங்கள் வேலை என்ன?" என்று வக்கீல் கேட்டார்.

"கிண்ணங்களை அடுக்கி வைப்பேன்."

"பிறகு?"

"பிறகு அது தானாகவே செய்யும்" என்றாள் பெருமையாக.

"என் வீட்டுச் சலவை மெஷின் மாதிரி" என்றார் வக்கீல் சிரித்தபடி. நடுவர் இரண்டு வரி எழுதிவிட்டுத் தன் பேனாவை மூடினார். எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

சடகோபன் பாய்ந்து வந்தார். "என்ன மேடம் இது? காலையிலே முழி பிதுங்குற வேலையெல்லாம் எங்கே போச்சு?"

"முடிச்சு வைச்சிட்டன். பெரிய மனிசர் வந்து காத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"ஐயையோ! அவர் சாப்பிட வரலை. நீங்க சமைக்கிறதைப் பார்க்க வந்தாரு!"

யோகராணிக்கு அப்போதுதான் உறைத்தது. தொழிற்சாலை நீலச் சட்டையில் மகேந்திரராஜா கண்ணுக்குள் வந்து நின்றான். நடுவர் கதவைத் தாண்டப் போகிறார். அவள் கையை நீட்டி மெஷினை நிறுத்தினாள். பம்பின் கடகடச் சத்தம் அடங்கியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சேர், நான் பிழை விட்டுவிட்டேன். முடிந்த வேலையைத்தான் காட்டினேன். தயவுசெய்து இருங்கள், முதலிலிருந்து செய்கிறேன். நேரம் எடுக்கும்."

"இன்னும் பல பிரிவுகள் பார்க்க வேண்டும்" என்று வக்கீல் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நடுவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குழாய்களைக் கழற்றி மறுபடி மாட்டினாள். கரைசல் கலந்தாள். வந்தவர் தேத்தண்ணி கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே என்று மனம் அடித்துக்கொண்டது. அளவு தெரிந்த மாதிரியை ஓட விட்டாள். பேனா எழுந்து அழகான மலை ஒன்றை வரைந்தது. அவள் உதட்டைக் கடித்தாள்.

"என்ன?" என்றார் நடுவர்.

"இது பிழை. குழாயில் காற்றுக் குமிழி ஒழுங்காக வரவில்லை. சர்க்கரையைக் கூட்டிக் காட்டுகிறது. இது நோயாளியின் ரத்தமாக இருந்தால், தேவையில்லாமல் இன்சுலின் ஏற்றியிருப்பார்கள்."

"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? பிழை என்றால் மெஷின் மணி அடிக்காதா?" வக்கீல் இந்த முறை சிரிக்கவில்லை.

"அதற்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?" என்றார் நடுவர்.

"எனக்கு. முன்பு டொக்டர் ஒவ்வொரு முடிவையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மெஷின் வந்த பிறகு நான்தான் போடுகிறேன்."

நடுவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். கோடு நேராகும்வரை எழுந்திருக்கவில்லை.

தீர்ப்பு குளிர்காலத்தில் வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மெஷின் பிரிவுக்கு ஒரு படி உயர்வு; ரத்த வங்கியில் வேலை மாறியதாகத் தெரியவில்லை என்று தள்ளிவிட்டார்கள். வழக்கு நடத்திய சடகோபனுக்கு ஒன்றும் இல்லை.

"கல்யாணத்தை நடத்தி வச்ச புரோகிதருக்கு யாராவது தாலி கட்டுவாங்களா மேடம்?" என்று அவர் சிரித்தார். ஆனாலும் அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. யோகராணி அதைக் கவனித்தாள்.

மகேந்திரராஜா தொழிற்சாலைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னான்.

அடுத்த ஞாயிறு சடகோபனும் மனைவி வைதேகியும் விருந்துக்கு வந்தார்கள். கதவைத் திறந்த யோகராணி பழைய சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"இன்னும் சமைக்கலையா? சீக்கிரம் வந்துட்டோமோ?" என்று வைதேகி தயங்கினாள்.

"இல்லை, சரியான நேரந்தான். குசினிக்கு வாங்கோ."

"பசி உயிர் போகுது மேடம்!" என்றார் சடகோபன்.

யோகராணி ஒரு கதிரையை இழுத்து, அவர் உட்கார அடுப்பின் பக்கத்தில் போட்டாள்.

"இருங்கோ சடகோபன். உங்கட பிரிவிலை என்ன மாறினது எண்டு விடியக்காலையிலிருந்து சொல்லுங்கோ. அடுத்த முறை நடுவர் வரேக்கை என்னத்தைக் காட்டுறது எண்டு பாப்பம். நான் சமைக்கிறன்."