தையல்காரர் மனைவியின் இடுப்புவலி

தையல்காரரின் மனைவி இறந்துபோன பிறகும் அவளுடைய இடுப்புவலி மட்டும் வலி நர்ஸின் வீட்டில், சன்னலோர நாற்காலியில் குடியிருந்தது. தையல்காரரைத் தவிர தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். துக்க வீட்டில் போய் வலியைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. வாடகை தராமல் ஒரு வலி எத்தனை நாள்தான் இருக்கும் என்று வீட்டுச் சொந்தக்காரர் ஒருமுறை கேட்டார். தன் முழங்கால்வலியும் அங்கேதான் இருக்கிறது என்பது நினைவுக்கு வர, பேசாமல் போய்விட்டார்.

வலி நர்ஸ் என்பவள் சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக அனுப்பப்பட்ட நடுவயதுப் பெண். மாத்திரைக்கு அடங்காத வலிகளை விரலால் அமுக்கியும் ஒத்தடம் கொடுத்தும் எடுப்பது அவள் வேலை. எடுத்த வலி எங்கே போகும் என்று பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. சேர்ந்த முதல் வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது: பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அவளை ஒன்றும் செய்வதில்லை, சும்மா இருக்கும். தலைவலிகள் அலமாரிமேல் ஏறிக்கொண்டன. முழங்கால்வலிகளால் படியேற முடியாது, வாசலோடு சரி. பல்வலிகள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலிக்குச் சொந்தக்காரர் கண்ணை மூடினால் அவருடைய வலியும் அன்று மாலைக்குள் எழுந்து போய்விடும். டாக்டரிடம் சொன்னபோது, இடம் போதுமா என்று மட்டும் கேட்டார்.

வாரம் ஒருநாள் பெண்கள் பள்ளியில் வளரும் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி வகுப்பெடுத்தாள். ஆரம்பத்தில் மாதவிடாய் என்று கரும்பலகையில் எழுதினால் தலைகளெல்லாம் மேசைக்கடியில் காணாமல் போகும். சில வருஷத்தில் அதே பிள்ளைகளின் தங்கைகள் கைதூக்கிக் கேள்வி கேட்டு அவளைத் திணறடித்தார்கள். அவர்களுடைய வயிற்றுவலிகள்தான் அந்த வீட்டுக்கு வந்ததிலேயே வாயாடிகள். மாதாமாதம் கும்பலாக வந்து, அடுப்பங்கரையில் கிசுகிசுத்துச் சிரித்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். விருந்தாளிகளை நம்பி ஒருத்தி குடித்தனம் நடத்த முடியுமா?

இடுப்புவலி அப்படியில்லை. சொந்தக்காரி போன அன்று மாலை அது எழுந்திருக்கவில்லை. ஏன் என்று நர்ஸும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று பயம். கல்யாணம் இப்போது வேண்டாம் என்று ஒருகாலத்தில் சொன்னவளை, பிறகு யாரும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். நாள் முழுக்க ஊரார் முதுகைத் தொட்ட அந்தக் கைகளை ஒருவரும் திருப்பித் தொட்டதில்லை. அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவந்தவள், இடுப்புவலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அதற்கு முதுகில் ஒரு தலையணை வைத்தாள். மழைக்கு முன்னால் அது லேசாக முனகும்; ஓடிப்போய்க் கொடித்துணியை எடுப்பாள். ஒரு வருஷம் இப்படி இரண்டு பேராகவே ஓடிற்று.

அதற்கு உலை வைத்தது அவளுடைய பாடமேதான். வலியை ஒளிக்கக் கூடாது, உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் சீருடையின் மடிப்பைப் பிரித்து இறக்கித் தரச் சொல்லித் தையற்கடைக்குப் போன ஒரு பெண், அளவு கொடுத்தபடியே, உரியவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டது.

சாயங்காலம் தையல்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்காரியோட இடுப்புவலி இங்க இருக்காமே, நர்ஸம்மா."

"அது அன்னிக்கே போயிடுச்சுண்ணே," என்றாள் நர்ஸ், சன்னலை மறைத்து நின்றபடி. அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பின்னால் நாற்காலி நீளமாக ஒருமுறை முனகியது. உட்கார்ந்திருந்த ஒருத்தி கையூன்றி எழும் சத்தம்.

தையல்காரர் அவள் தோளுக்குமேல் நாற்காலியை எட்டிப் பார்த்தார். "இந்தச் சத்தம் எங்க வீட்லயும் கேக்கும். நாற்காலிதான்னு நெனச்சு ரெண்டு தடவ ஆணி அடிச்சேன்."

இது லேசுப்பட்ட வலியில்லை, இந்த வயசில் தாங்காது, வலியை எடுக்கத்தான் படித்தேன், வைக்கப் படிக்கவில்லை என்றெல்லாம் நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். கொடுக்கல் வாங்கலில் பழுத்தவராகையால் அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவளும் சொல்லல, நானும் கேக்கல," என்றார். "இனிமேலாச்சும் எங்கிட்ட வலிக்கட்டும்மா."

நர்ஸ் சன்னலைவிட்டு விலகினாள். நாற்காலியிலிருந்த தலையணையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இதையும் கொண்டுபோங்க. அதுக்குப் பழகிடுச்சு."

வாசலைத் தாண்டும்போதே அவர் இடுப்பு வளைந்துவிட்டது. ஒரு கையை இடுப்பில் வைத்து, மறுகையில் தலையணையோடு, பக்கத்தில் இன்னொருவருக்கு வழிவிட்டு நடப்பவர்போலத் தெருவின் ஓரமாகவே போனார். பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு வணக்கம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் மழை சொல்லாமல் வந்தது. கொடியில் நர்ஸின் புடவைகள் முழுக்க நனைந்தன. அலமாரிமேலிருந்த தலைவலிகள் இறங்கிவந்து பார்த்தன. அவள் மறுபடி அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டாள்.

ஆனால் வலி இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போயாக வேண்டும் என்பது சுகாதார நிலையத்தின் விதி. போனாள். அவர் தொடவிடவில்லை, எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தபடியே அந்த வாரத்து வலியைப் பற்றி ஆற அமரச் சொன்னார்: காலையில் எப்படி, குனிந்தால் எப்படி, கோபம் வந்தால் எப்படி. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த சேதியைக் கேட்பதுபோலக் கேட்டாள். அன்றிலிருந்து வாராவாரம் இதுதான் வழக்கம். நிலையத்துக்குத் திரும்பியதும் டாக்டர் விசாரிப்பார், தையல்காரருக்கு எப்படி இருக்கிறது என்று.

"கொஞ்சங்கூடக் கொறையல, டாக்டர்," என்பாள்.

"நல்லது," என்று சொல்லிவிட்டு, டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.