பாஸுஹைல் வீட்டின் நாற்பத்திரண்டாம் படி

ஜித்தாவின் பழைய நகரத்தில், பாஸுஹைல் வீட்டில் ஏறும்போது படிகள் நாற்பத்தொன்று, இறங்கும்போது நாற்பத்திரண்டு. பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் ரிஹாம் நாற்பத்தொன்று என்றே சொல்லிவந்தாள். வாசல் பலகையிலும் அதுதான் இருந்தது. மொட்டைமாடியில் கடலைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இரண்டு கோடைக்குள் பதினேழு புகார்கள். பாதுகாக்கப்பட்ட வீட்டில் ஒரு கல்லைக் கூட்டினாலும் குற்றம். அந்தப் படி எங்கிருந்து வந்தது என்று மாத முடிவுக்குள் சொல்லாவிட்டால் வழிகாட்டி அட்டையைத் திருப்பித் தரவேண்டும் என்று பாரம்பரியத் துறையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது.

ரிஹாம் காவலாளி ஸிராஜைச் சந்தேகித்தாள். ஸிராஜ் அவளைச் சந்தேகித்தார். விசாரிக்க வந்த அதிகாரி வஜ்தி இருவரையும் சந்தேகித்து, தன் சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே வீட்டைச் சுற்றினார்.

“சாச்சா, யாருக்கும் தெரியாம கொத்தனாரைக் கூட்டிட்டு வர்றீங்களா?” என்று ஸிராஜிடம் கேட்டாள் ரிஹாம்.

“இருக்கிற படிக்கே என் முட்டி கழண்டுபோகுது. இன்னொண்ணு கட்டி நானே ஏறணுமாக்கும்! நீ ஒழுங்கா எண்ணிப் பழகு.”

வஜ்தி ஒவ்வொரு படியிலும் சாக்கட்டியால் எண் எழுதினார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ரிஹாமும் அவரும் பயணிகளோடு ஏறினார்கள். அந்த நேரத்தில் வாசலையும் படிகளையும் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பது அந்தத் தெருவின் வழக்கம். பயணிகள் ஏறிய பிறகு ஸிராஜ் தெளித்தார். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கியபோது பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே எண் இல்லாத ஒரு படி ஈரமாக இருந்தது. ரிஹாம் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

“என்ன தண்ணி சாச்சா இது?”

“கடல் தண்ணி. நல்ல தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது. கல்லே கடல்லேர்ந்து வந்ததுதானே, அதுக்கு என்ன பெரிய கௌரவம்?”

ரிஹாமுக்கு விளங்கிவிட்டது. அந்த வீடுகள் கடற்கழியிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லால் ஆனவை. சில வரிசைகளுக்கு ஒரு மர உத்தரம் வைத்துச் சுவரைச் சமனாக்கியிருப்பார்கள். பவளம் சிற்றுயிர்கள் தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடு. உப்புநீர் பட்டதும் அது கடலுக்குத் திரும்பிவிட்டதாக எண்ணி வளர்ந்தது. விடிவதற்குள் காய்ந்து சுருங்கியது. அதனால்தான் ஏறும்போது இல்லாத படி இறங்கும்போது இருந்தது.

வஜ்தியின் உத்தரவுப்படி நான்கு நாள் நல்ல தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். படி வளரவில்லை. ஆனால் சுவர் மீன்செதில்போல உதிர்ந்தது; உத்தரங்கள் முனகிய முனகலில் பக்கத்து வீட்டார் தூங்கவில்லை.

“இடிஞ்சு விழுந்தா என் வேலைக்கே வேட்டு. உப்புத் தண்ணியே ஊத்துங்க,” என்றார் வஜ்தி, பையைக் கீழே வைத்தபடி.

“அப்ப என் அட்டை?” என்றாள் ரிஹாம். அதற்கும் ஒரு வழியை அவளே யோசித்துச் சொன்னாள்.

இப்போது ஸிராஜ் முதலில் படிகளில் கடல்நீர் தெளிக்கிறார். பயணிகளை முக்கால் மணி நேரம் வாசலில் உட்காரவைத்து, ரிஹாம் பவளக்கல்லைப் பற்றிச் சொல்கிறாள். பிறகுதான் ஏறுகிறார்கள். ஏறும்போதும் நாற்பத்திரண்டு, இறங்கும்போதும் நாற்பத்திரண்டு. பலகையிலும் அப்படியே மாற்றி எழுதியாகிவிட்டது.