மேல்பூட்டும் கீழ்ப்பூட்டும்

ஜோசபின் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சேவியர் ஆறடியை எட்டிப் பிடிக்கிறவன். ஆனால் மேகசின் கதவில் மேல்பூட்டு அவளுடையது, கீழ்ப்பூட்டு அவனுடையது. முதல் தடவை பார்க்கிற எவனுக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அப்புறம் எரிச்சல்தான் வந்தது. இவர்கள் ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து திறக்கும்வரை தினமும் வெயிலில் காய்கிறவன் நான்தானே.

மேகசின் என்று நாங்கள் சொல்வது வெடிமருந்துக் கிடங்கை. பிம்ப்ரியைத் தாண்டி, கல்குவாரிகள் பக்கம், வீடோ ரோடோ கிட்டத்தில் இல்லாத ஒரு மேட்டில் அது நிற்கிறது. தடித்த சுவர், சுற்றிலும் மண்கரை, அதற்கு வெளியே முள்கம்பி வேலி, உச்சியில் இடிதாங்கி. சுற்றிலும் புல் தலைகாட்டினால் உடனே வெட்டிவிட வேண்டும். மருந்துப் பெட்டிகள் சுவரைத் தொடாமல் பலகைமேல் அடுக்கியிருக்கும். மருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கிற டெட்டனேட்டருக்குத் தனி அறை. இரண்டையும் ஒன்றாக வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கதவுக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு பேர் கையில். ஒருவர் தனியாக வந்து என்ன குட்டிக்கரணம் போட்டாலும் திறக்காது. அதோடு விட்டார்களா? இரண்டு சாவியும் ஒரே வீட்டில் இராத்தங்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனி உத்தரவு. மருந்து எடுத்துப் போகிறவன் கையிலும் சாவி இருக்கக் கூடாது. எடுத்துப் போகிறவன் நான். பெயர் சின்னதுரை. குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறேன், அதற்கான சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேலே வரும். கட்கி பஜாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தினமும் காலையில் நடக்கும் கூத்து இதுதான். வேலிக்கு வெளியே காவலாளி அறையில் ஒரு மரப்பெட்டி உண்டு. போன், தீப்பெட்டி, சில்லறை, பெல்ட் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பும் வெளியே. ஜோசபின் கழுத்தில் சிலுவை வைத்த மெல்லிய செயின் போட்டிருப்பாள்.

"மேடம், செயின்," என்பான் சேவியர்.

"தெரியும் சார்," என்பாள் அவள். கழற்றிப் பெட்டியில் போட மாட்டாள். அவன் கையில் கொடுப்பாள். அவன் அதைத் தன் கைக்குட்டையில் மடித்துப் பெட்டியின் ஓர் ஓரத்தில் வைப்பான். கோவில் நகை கெட்டது போங்கள், அப்படி ஒரு பத்திரம்.

அப்புறம் ஸ்டூல். கிடங்கு வாசலில் இரும்பு ஆகாது, பொறி பறக்கும். அதனால் ஒரு ஆணிகூட இல்லாமல், மரமுளை அடித்து சேவியரே செய்த ஸ்டூல் அது. அவனுடைய அப்பா தச்சர். அந்தக் கை இவனுக்கும் இருக்கிறது. இருந்தும் ஸ்டூலின் ஒரு கால் மட்டும் கட்டை. அவள் ஏறினால் ஆடும். அவன் பிடித்துக்கொள்வான். அவள் பூட்டைத் திறந்துவிட்டு இறங்குவாள். அதன் பிறகு அவன் ஏதோ ஒட்டகம் போலக் காலை மடக்கிக் கீழ்ப்பூட்டைத் திறப்பான்.

"ஏண்டா, ஒரு மனு எழுதிக் குடுத்து சாவிய மாத்திக்கக் கூடாதா? நீ மேல, அவ கீழ. வேல சட்டுனு முடியும்ல?" என்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

"எழுதணும்ணே," என்பான்.

"அந்தக் காலயாவது சரி பண்ணித் தொல."

"பண்ணிடறேண்ணே."

வருஷக்கணக்காக இதே பதில். நான் ஒரு மடையன். பாறையில் முடி கனத்துக்கு விரிசல் ஓடினால் கண்டுபிடித்துவிடுவேன். கண் எதிரே நடப்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஒரு ஏப்ரல் மாதம் ஜோசபினே வந்து, "அண்ணே, நானும் இவரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம், நீங்கதான் முன்ன நிக்கணும்," என்று சொன்னபோதுதான் அந்தக் கட்டைக் காலின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தன்னை மறந்தே போனவள். அவனோ கேட்கக் கூச்சப்பட்டே தலை நரைத்தவன். எனக்கு வந்த சந்தோஷத்தில் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன்.

சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கம்பெனியை இப்போது பார்த்துக்கொள்வது முதலாளியின் மகன் ஷ்ரேயஸ். நல்ல பையன். இருவரையும் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே விஷயத்துக்கு வந்திருக்கிறான். கல்யாணமானால் இரண்டு சாவியும் ஒரே வீட்டில். அது நடக்காது. ஒருவர் சாவியை வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த வேறு ஆளை அவனும் தேடினான். யாரும் வரவில்லை.

வருவார்களா? ஒரு பெட்டி குறைந்தால் போலீஸ் முதலில் தட்டுவது சாவிக்காரன் வீட்டுக் கதவைத்தான். எழுதிக் கொடுத்து ஒப்படைக்காமல் ஊரைத் தாண்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமைகூட போனை அணைக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பெக் போட முடியாது. நான் அத்தனை வருஷமும் சாவி வேண்டாம் என்று முதலாளியிடம் சண்டை போட்டதே இதற்காகத்தான். வெடி வைத்தோமா, கை கழுவினோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்க வேண்டும். சாவி என்பது கூடவே வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

ஆள் கிடைக்காவிட்டால் ஒரே வழி, இருவரில் ஒருவர் சோலாப்பூர் கிடங்குக்குப் போவது. அங்கிருக்கிற சாவிக்காரர் இங்கே வருவார்.

ஜூன் மாதம் முதல் மழை பிடித்த ஒரு காலையில் இடி கேட்டது. இடி கேட்டால் மேகசினைத் திறக்கக் கூடாது, பக்கத்திலும் நிற்கக் கூடாது. நாங்கள் மூவரும் தள்ளியிருக்கும் காவலாளி அறைக்குப் போய் உட்கார்ந்தோம். அன்று "மேடம், செயின்" இல்லை. சேவியர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோசபின் தன் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி?" என்றேன்.

"சாமியார்கிட்ட ஓலை வாசிக்க வேணாம்னு சொல்லிட்டோம்ணே," என்றான் சேவியர்.

கல்யாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்கள். அதைத்தான் வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

"ஏன்?"

"நான் சோலாப்பூர் போறேன்னேன். மேடம் விடல. அவங்க வேலைய விட்டுடறேன்னாங்க. நான் விடல. ஒரு பொம்பள கையில மேகசின் சாவியானு எத்தன பேர் எத்தன பேச்சு பேசினாங்க, உங்களுக்குத் தெரியாதா? அத்தனயும் தாங்கி வாங்கின சாவி அது. எனக்காக ஏன் விடணும்?"

"அவ விட்டாலும் வாங்க ஆள் வேணும்ல?"

"அதுவும்தான்," என்றாள் ஜோசபின். பிறகு சிரிக்கப் பார்த்தாள். "சோடோ அண்ணே, விடுங்க. கல்யாணம் இல்லன்னா என்ன? காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பாத்துக்கறோம். கதவு தெறக்க, கதவு மூட. எத்தன புருஷன் பொண்டாட்டிக்கு அதுகூடக் கெடைக்குது?"

அவள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சேவியர் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவள் பக்கம் பார்க்காமலே நீட்டினான். மனசு இளகினால் எனக்குக் கோபம்தான் வரும். "ரெண்டும் லூசுங்க," என்று கத்திவிட்டு மழையில் இறங்கி நடந்தேன்.

அன்று மழை விட்ட பிறகு குவாரியில் வெடி வைத்தேன். சைரன் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, ஆட்களை விரட்டிவிட்டு, மறைவில் உட்கார்ந்து பொத்தானில் விரல் வைக்கும்போது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். பிறகு காலுக்குக் கீழே நிலம் ஒரு உதறு உதறும். பாறை நான் சொன்ன இடத்தில், நான் சொன்ன மாதிரி சரியும். அந்த வேலையை நான் நேசித்தேன். வேறு எதையும் எனக்கு ஒழுங்காகச் செய்யத் தெரியாது. அதை விட்டுவிடுவதென்று தூசி அடங்கும்போது முடிவு செய்துவிட்டேன்.

கணக்கு சுலபமானது. மருந்து எடுத்துப் போகிறவனிடம் சாவி இருக்கக் கூடாது. அப்படியென்றால் நான் வெடி வைப்பதை விட வேண்டும். சேவியர் என்னோடு சேர்ந்து பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன். ஸ்டோர் வேலை கிடைத்ததால் குவாரிக்கு வரவில்லை, சர்டிபிகேட்டை மட்டும் விடாமல் புதுப்பித்து வருகிறான். அவன் என் இடத்துக்கு, நான் அவன் இடத்துக்கு.

வீட்டில் என் மனைவி அமலா வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்க கையில மேகசின் சாவியா? வீட்டு சாவியவே எத்தன தடவ தொலச்சிருக்கீங்க? பூட்டு ரிப்பேர்காரன் நம்ம வீட்டு ஆளு மாதிரி ஆயிட்டான்."

"போதும் நிறுத்து."

"சனிக்கெழம ரம்?"

"அதையும் நிறுத்தறேன்."

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. "வெடி வைக்காம உங்களால இருக்க முடியுமா?" என்று கேட்டாள். மறுநாள் காலை அவளாகவே ஒரு கறுப்புக் கயிறு முறுக்கி, சாவி மாட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளும்படி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

ஷ்ரேயஸ் லேசில் நம்பவில்லை. "காகா, நீங்களா?" என்று இந்தியில் கேட்டான். காகா என்றால் சித்தப்பா. "சாவி வேண்டாம்னு அப்பாவோட மேஜையைத் தட்டிக் கத்தினவர் நீங்கதானே?"

"முட்டி வலி," என்றேன். "குவாரியில் ஏறி இறங்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்து வேலையாகக் கொடு."

"பக்கா?"

"பக்கா."

சேவியரிடமும் ஜோசபினிடமும் அதையேதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் இரண்டும் சம்மதிக்காது. வேலை மாறும்வரை மறக்காமல் நொண்டினேன். ஒருநாள் எந்தக் கால் என்று குழம்பிப்போய்க் காலை மாற்றி நொண்டியதைக் காவலாளி மட்டும் கவனித்துவிட்டான். பாவம், அவன் யாரிடமும் சொல்லவில்லை.

போலீஸ் விசாரணை, புதுப் பெயருக்கு அனுமதி என்று மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் கட்கி கோவிலில் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்தன்று ஜோசபின் வெள்ளைப் புடவையில் அவன் பக்கத்தில் நின்றாள். குதிகால் உயர்ந்த செருப்பு போட்டும் அவன் தோளை எட்டவில்லை. நான் முன்னால்தான் நின்றேன். போனை அணைக்காமல் நின்றேன். சாவிக்காரன் அல்லவா.

கல்யாணம் முடிந்து இருவரும் வேலைக்குத் திரும்பிய முதல் காலை. கம்பெனி வண்டியில் இருந்து சேவியர் இறங்கி, நான் அத்தனை காலம் காய்ந்த அதே வெயிலில், வேலிக்கு வெளியே நின்றான். வெடி வைக்கிறவனின் ஹெல்மெட் இப்போது அவன் தலையில். ஜோசபினும் நானும் மரப்பெட்டியில் சாமான்களைப் போட்டோம். கழுத்துக்குக் கை கொண்டுபோனவள் என் முகத்தைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு செயினைக் கழற்றித் தானே பெட்டியில் போட்டாள். நானும் அவளும் செருப்பில்லாமல் கதவுக்கு நடந்தோம்.

நான் முதலில் கீழ்ப்பூட்டைத் திறந்துவிடலாம் என்று சப்பணமிட்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பிவிட்டு, ஒரு கையும் ஊன்றாமல் எழுந்தேன். எழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நொண்ட மறந்துவிட்டேன்.

ஜோசபின் நகராமல் நின்றாள்.

"முட்டி வலின்னீங்களேண்ணே."

"ஆமா."

"முட்டி வலிக்கறவருக்குக் கீழ்ப்பூட்டா?"

நான் இடிதாங்கியைப் பார்த்தேன். அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"மருந்து போட்டேன். சரியாயிடுச்சு," என்றேன்.

"எங்களுக்காகவாண்ணே?"

"வாயாடாதே. மேல்பூட்டத் தெற. நேரமாகுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். ஸ்டூல் ஆடியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கை நீட்டவில்லை. மருந்து எடுக்க வருகிறவன், போனையும் பெல்ட்டையும் வைத்துவிட்டு வந்தால், வாசல்வரை வரலாம். எத்தனை நாள் நானே வந்திருக்கிறேன். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆறடி மனுஷன் கம்பியைத் தாண்டிக் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஸ்டூல் கால்களையே பார்த்து நின்றான்.

"டேய் சேவியர்!" என்று கத்தினேன். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாடா. வந்து ஸ்டூலப் பிடி. சாவிக்குத்தாண்டா ரூலு. ஸ்டூலுக்கு இல்ல."